பெருமாளுக்குப் போன முதல் பத்திரிகை

அரைகுறையாகத் தெரிந்தவன் சும்மா இருக்க மாட்டான். நான் இருந்ததே இல்லை.

அப்போது தென்னூரில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் திருடன் நுழைய ஓட்டை இருக்கிறதா என்று அவனுக்கு முன்னால் நாம் நுழைந்து பார்க்க வேண்டும். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால், ஸ்கிரிப்ட் ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கதவைத் தட்டி, உள்ளே யார் என்று கேள்வி கேட்கும். (சேர்ந்து மூன்று மாதம்தான். பேச்சு மட்டும் முப்பது வருஷ சர்வீஸ்.)

ஹேமாவை நான் கல்யாணம் செய்துகொள்ள அவள் அப்பா சம்மதிக்க வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். என் வேலையை எத்தனை முறை விளக்கினாலும், "அதாவது, பூட்டை உடைக்கிற வேலையா தம்பி?" என்றே கேட்டார். "உங்க கடையிலேயே செஞ்சு காட்டுறேன் சார்" என்றேன். "சரி, வாங்க" என்றார்.

நான் போன அன்று, மகள் கல்யாணப் பத்திரிகைக்காகத் துறையூர்க்காரர் ஒருவர் காத்திருந்தார். ராகு காலம் பிறப்பதற்குள் முதல் பத்திரிகையைப் பெருமாள் திருவடியில் வைக்க வேண்டுமாம். கையில் குழைத்த மஞ்சளோடு பிரிண்டர் பக்கத்திலேயே நின்றார். அதில் வெற்று அட்டைகள் அடுக்கியாயிற்று. கடைசிப் பிழைகளை ஹேமா திருத்திக்கொண்டிருந்தாள்.

கடையின் நெட்வொர்க் ஒயரை என் லேப்டாப்பில் சொருகினேன். அந்த ஸ்கிரிப்ட் சாதாரணமாகப் பிரிண்டரை மட்டும் தொடாமல் விட்டுவிடும். ஏன் என்று நான் படித்ததில்லை. மாமனார் ஆகப்போகிறவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றை விடுவதா? எதையும் விடாதே என்று சொல்லும் ஆப்ஷனையும் சேர்த்து என்டரைத் தட்டினேன்.

பிரிண்டர் ஓர் அட்டையைக் குப்புறத் தள்ளியது. துறையூர்க்காரர் அதைப் பாய்ந்து எடுத்தார். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு மூலையிலும் மஞ்சளைத் தடவி, "போயிட்டு வந்துடுறேங்க" என்று கோயிலுக்கு ஓடினார்.

"நான் இன்னும் பிரிண்டே குடுக்கலையே!" என்றாள் ஹேமா.

அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றில் கொட்டை எழுத்தில் 'ஹெல்ப்'. இன்னொன்றில் எந்த மொழி என்றே தெரியாத கிறுக்கல்.

"யாரு தம்பி உதவி கேக்குறது?" என்று பிரிண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார் அவள் அப்பா.

எனக்கும் தலைகால் புரியவில்லை. ஆனாலும் விடுவேனா? "யாரோ உங்க நெட்வொர்க்ல புகுந்துட்டான் சார். இதோ புடிச்சிடுறேன்" என்று அதே ஸ்கிரிப்டை இன்னும் முடுக்கி ஓடவிட்டேன். பக்கத்து ஜெராக்ஸ் மெஷினும் பேப்பரைக் கக்க ஆரம்பித்தது. நான் வேகத்தைக் கூட்டக் கூட்ட அவனும் கூட்டினான். (கெட்டிக்காரப் பயல் என்று மனசுக்குள் மெச்சவும் செய்தேன்.)

ஹேமா எழுந்து வந்து என் லேப்டாப் ஒயரைப் பிடுங்கினாள். கடை அமைதியானது. மறுபடி சொருகினாள், கக்கியது. பிடுங்கினாள், நின்றது.

"அப்பா, திருடன் கிடைச்சிட்டாரு" என்றாள்.

கதவைத் தட்டி நான் கேட்ட கேள்விகளைத்தான், அச்சடிக்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு பிரிண்டர் அடித்துத் தள்ளியிருக்கிறது. அதில் ஒரு கேள்விதான் 'ஹெல்ப்'. கல்யாணம் அவ்வளவுதான் என்று தோன்றியது. வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. "நான்தான் சார்" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் துறையூர்க்காரர் கையில் துளசியோடு வந்துவிட்டார். "பட்டர் சுவாமி படிச்சுப் பாத்துட்டு, 'இவ்வளவு சுருக்கமா யாரும் பெருமாளை வேண்டிண்டதில்லை'ன்னு சிரிச்சாருங்க. திருவடியில வச்சிட்டாரு. அப்படி என்னங்க அடிச்சிருக்கீங்க?"

ஹேமாவின் அப்பா என்னைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அது உங்க பத்திரிகை இல்லீங்க. எங்க மாப்பிள்ளை பெருமாளுக்குக் குடுத்த மனு. ராகு காலத்துக்கு இன்னும் நேரமிருக்கு, உங்களுக்கு வேற அடிச்சுத் தரேன்."

அவர் சொன்ன மாப்பிள்ளை யார் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று.

இன்றைக்கும் ஸ்ரீரங்கத்தில் கரண்ட் போனால் மாமா கரண்ட் ஆபீசைக் கூப்பிடுவதில்லை. முதல் போன் எனக்குத்தான் வரும்.

"மாப்பிள்ளை, லேப்டாப்பைக் கொஞ்சம் மூடுறீங்களா?"