ரப்பர் மென்ற சம்பந்தி

மெல்லாத வாய் என்று இந்த ராமநாதபுரம் சீமையில் ஒன்றைக் காட்டுங்கள், நான் வெற்றிலையை விட்டுவிடுகிறேன். (தைரியமாகத்தான் சொல்கிறேன். உங்களால் காட்ட முடியாது.) எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் தீக்குச்சியை மெல்லுவார். டெய்லர் நூலைக் கடிப்பார். கீழக்கரையிலிருந்து சேலை கொண்டுவரும் பாய், விலை சொல்வதற்கு முன்னால் ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வார். அதை மென்று முடிப்பதற்குள் விலை ஏறிவிடும். என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டு மாடு என்னைப் பார்த்துத்தான் அசைபோடக் கற்றுக்கொண்டது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

இத்தனை வாய்களையும் விட்டுவிட்டு, என் மகன் கருணாவின் வாயை மட்டும் நான் காலமெல்லாம் துரத்தினேன்.

சின்ன வயதில் அவன் மெல்லாத பொருள் கிடையாது. சட்டைக் காலர், பென்சில், பள்ளிக்கூடப் பையின் வார், சைக்கிள் கைப்பிடி உறை. காலரில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் அந்தக் கசப்பு அவனுக்குப் பிடித்துப்போனது. வீடு முழுக்க அந்த வாடையோடு குடும்பம் நடத்தியது நான்தான். வளர்ந்து மோட்டார் காயில் சுற்றும் வேலைக்குப் போன பிறகும் நிற்கவில்லை. அங்கே வயர் உறை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் செல்வி, "தம்பியை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுவோம்மா" என்று மதுரைக்குக் கூட்டிப்போனாள். அந்த டாக்டரம்மா அவனிடம் ரொம்ப நேரம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இவருக்கு ஆட்டிசம் இருக்கும்மா. நோய் இல்ல, பிறவியிலேயே இப்படித்தான். நமக்குச் சாதாரணமாக் கேக்குற சத்தம் இவருக்கு இடி மாதிரி இருக்கும். கூட்டமும் அப்படித்தான். மெல்லுனா அதைத் தாங்கிக்க முடியுது. நிறுத்தச் சொல்லாதீங்க. மெல்லுறதுக்குன்னே ரப்பர்ல செஞ்சது விக்கிது, வாங்கிக் குடுங்க."

"இவ்வளவு பெரிய ஆம்பள, பச்சப்புள்ள மாதிரியா டாக்டரம்மா?"

அவர் என் கன்னத்தைப் பார்த்தார். அது ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"நீங்க என்ன மெல்லுறீங்க?"

"வெத்தல."

"எதுக்கு?"

"அது... சும்மா, மனசுக்கு ஒரு இதுக்கு."

"அவருக்கும் அதே இதுக்குத்தான்" என்றார்.

(படித்தவர்களிடம் இதுதான் தொல்லை. நம் வார்த்தையையே எடுத்து நம் வாயை அடைத்துவிடுவார்கள்.)

அப்படி வந்ததுதான் அந்த ரப்பர். விரல் தடிமன், பாக்கு நிறம், கறுப்புக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் தொங்கும். அது வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் காலர்களெல்லாம் பிழைத்துக்கொண்டன. பட்டறையில் கூட்டமாக இருந்தாலும் அதை மென்றுகொண்டே வேலையை முடித்துவிட்டு வருவான். எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் யாராவது பார்த்தால் கூச்சமாக இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் செல்வி மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள்.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். சீர் தூக்கிக்கொண்டு வருவது, மாலை போடுவது எல்லாம் அந்த மடிக்காகத்தான். என் பேத்திக்கு அவள் அம்மாவோடு கூடப்பிறந்த மாமன் கருணா ஒருத்தன்தான். ஆனால் செல்வியின் மாமியார் பாப்பாத்தி மதினிக்கு அதில் சம்மதமில்லை.

"தப்பா நெனைக்காதீங்க மதினி. மேளம், மைக்கு, அம்புட்டுச் சனம். தம்பி பாதியில எந்திரிச்சுப் போயிட்டா சபையில அசிங்கமாப் போகும். ஒங்க கொழுந்தன் மகன் பாண்டியும் மாமன் மொறதான? அவன உக்கார வைப்போம்."

நான் வாயைத் திறப்பதற்குள் (வாயில் வெற்றிலை, திறக்க நேரமாகும்) செல்வி முந்திக்கொண்டாள்.

"எம்புள்ளைக்கு என் தம்பி மடிதான் அத்தை. இல்லாட்டி அவ ஓட்ட இல்லாத காதோடயே வளரட்டும்."

செல்வி சொன்னது கருணாவின் காதிலும் விழுந்தது. அன்று சாயங்காலமே ஒரு தவிட்டு மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, செல்போனில் மேளச் சத்தத்தை வைத்துவிட்டு, ரப்பரை மென்றபடி உட்கார்ந்துவிட்டான். தினமும் இதே வேலை. முதலில் சத்தத்தைக் குறைத்து வைத்தான், போகப் போகக் கூட்டினான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, மூட்டைக்கா காது குத்துறீக?" என்று கேட்டாள். அவன் எதற்கும் அசையவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள அவனுக்கு எவ்வளவு ஆசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தெரிந்தும் நான் என்ன செய்தேன் பாருங்கள்.

விசேஷத்தன்று காலையில் செல்வி எனக்கு ஒரு சட்டம் போட்டாள். "அம்மா, இன்னைக்கு வெத்தல போடக் கூடாது. போன விசேஷத்து ஆல்பத்துல நீ ரத்தம் குடிச்ச மாதிரி நிக்கிற." எனக்கு வந்த எரிச்சலை யார் தலையில் இறக்குவது? கருணா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான். ராஜா மாதிரி இருந்தான். நெஞ்சில் ரப்பர்.

"ஏலே, அதக் கழத்து. மாமன் கழுத்துல ரப்பரு தொங்குனா போட்டோவுல நல்லாவா இருக்கும்?"

"கூட்டமா இருக்கும். எனக்கு வேணும்."

"செத்த நேரந்தான்டா அய்யா. போட்டோ எடுத்த ஒடனே தாரேன்."

கழற்றிக் கொடுத்துவிட்டான். சொன்னால் நம்பிவிடுவான், அவனிடம் இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் அதுதான். வாங்கி என் முந்தியில் முடிந்துகொண்டேன். செல்விக்குத் தெரியாது.

மண்டபத்தில் ரெண்டு மேளம், காது கிழிய ஒரு மைக் செட். அது போதாதென்று மேடைக்குப் பக்கத்தில் லாரி அகலத்துக்கு ஒரு எல்.இ.டி. திரை. வீடியோ எடுக்கிறவர் காட்டுவதெல்லாம் அதில் அப்படியே தெரிந்தது. கருணா ரோஜா மாலையோடு மேடையில் உட்கார, பேத்தியை மடியில் வைத்தார்கள். சீர் வாசிக்கும் மைக்கும் அவன் வாய்க்கு நேராகவே நின்றது. ஆசாரி ஊசியைத் துடைத்தார். பாப்பாத்தி மதினி என் பக்கத்தில் வந்து நின்றார். பாண்டி புதுச் சட்டையோடு முன்வரிசையில் தயாராக இருந்தான்.

மேளம் உச்சத்துக்குப் போனது. கருணாவின் கை கழுத்துக்குப் போய்த் தேடியது. அங்கே ரப்பர் இல்லை. மாலைதான் இருந்தது. ஒரு ரோஜா இதழைப் பிய்த்து வாயில் போட்டான். அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மாலையின் ஒரு பக்கம் வெறும் நாராகிவிட்டது.

"மதினி, ஒங்க மகன் மாலையத் திங்குறாரு."

"ரோசாப்பூ ஒடம்புக்குக் குளிர்ச்சி மதினி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவன் கண்ணை இறுக மூடினான். முழங்கால் ஆட ஆரம்பித்தது. எனக்குத் தெரியும், அடுத்து எழுந்துவிடுவான். எழுந்தால் வாசல், வாசலைத் தாண்டினால் வீடு, கதவைச் சாத்தினால் பொழுது சாய்ந்துதான் திறப்பான். மதினி பாண்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாண்டி எழுந்து வேட்டியைச் சரி செய்தான்.

பதற்றம் வந்தால் என் கை என்னைக் கேட்காது. அது பாட்டுக்கு முந்திக்குப் போகும், முடிச்சை அவிழ்க்கும், கிடைத்ததை வாயில் போடும். ஆயுசு முழுக்கப் பழகிய கை. கண் மேடையில், கை முந்தியில். போட்டு மெல்ல ஆரம்பித்துவிட்டேன்.

என்ன பாக்கு இது, உடையவே மாட்டேன் என்கிறது என்று நினைத்தேன். இடது பல்லில் வைத்துப் பார்த்தேன். வலது பல்லில் வைத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், படபடப்பு நிஜமாகவே குறைந்தது.

அப்போது மேளம் நின்றது. எங்கோ ஒரு பெண் பிள்ளை களுக்கென்று சிரித்தாள். அப்புறம் ஒரு வரிசையே சிரித்தது. நானும் என்னவென்று திரையைப் பார்த்தேன்.

பேத்திக்குக் காது குத்தும்போது அம்மாச்சி கண் கலங்குவாள், அதை எடுப்போம் என்று வீடியோக்காரர் காமிராவை என் பக்கம் திருப்பியிருக்கிறார். திரை முழுக்க என் முகம். தாடை ஆட்டுரல் மாதிரி சுற்றுகிறது. எலியை விழுங்கின பூனைக்கு வால் வெளியே தொங்குமே, அந்த மாதிரி வாயோரத்தில் கறுப்புக் கயிறு. மேளக்காரர்கள் வாசிப்பதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் நின்றதால் கருணா கண்ணைத் திறந்தான். திரையைப் பார்த்தான்.

"அம்மா. அது என்னோடது."

மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. அதோடு விட்டானா? திரையில் பூதம் மாதிரி இருந்த என் முகத்தைக் கைகாட்டி, "போட்டோ எடுத்தாச்சு. குடு" என்றான்.

"அம்மா! நீதான் எடுத்து வச்சியா?" செல்வியின் கத்தலுக்கு மைக் தேவைப்படவில்லை.

வாயிலிருந்து உருவிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். அவன் வாங்கவில்லை.

"கழுவிக் குடு. சோப்புப் போட்டு. வெத்தல வாய்."

"நல்ல நேரம் முடியப் போகுது" என்றார் ஆசாரி.

கை கழுவுகிற குழாய்க்கு ஓடினேன். வீடியோக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். (அந்த மனிதருக்கு அன்றைக்குப் பிறவிப் பயன் கிடைத்துவிட்டது.) நான் ரப்பருக்குச் சோப்புப் போடுவதை மண்டபமே திரையில் பார்க்கிறது. மேடையிலிருந்து மைக்கில் குரல் வருகிறது.

"இன்னொரு தடவ."

போட்டேன்.

"கயிறையும்."

பொறுமையில்லாமல் பாப்பாத்தி மதினியே ஓடிவந்தார். "என்ன மதினி இது கருமம்?"

"நம்ம வெத்தல மாதிரிதான் மதினி. மேளச் சத்தம் அவனுக்குத் தாங்காது, இது இருந்தாத் தாங்கிக்குவான். பபுள்கம் மாதிரி ஒட்டாது, கறையும் பிடிக்காது."

"அடி பாவி மதினி! இத மொதல்லயே அவரு கழுத்துல விட்டுருந்தா நான் ஏன் பாண்டியத் தேடுறேன்? தள்ளுங்க, ஒங்களுக்குத் தேய்க்கவும் தெரியல" என்று பிடுங்கி, தன் பட்டுச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனார். போகிற வழியில், "பாண்டி, நீ உக்காருப்பா" என்றார். பாண்டி உட்கார்ந்தான்.

கருணா அதை வாங்கி ஒரு தடவை முகர்ந்து பார்த்தான். வாயில் வைத்தான். முழங்கால் நின்றது. மேளம் மறுபடி தொடங்கியது. ஆசாரி வலது காதைக் குத்தினார், பேத்தி வீறிட்டாள், அவன் பிடி தளரவில்லை. இடது காதையும் குத்தி முடித்தார். தவிட்டு மூட்டையோடு பட்ட பாடு வீண்போகவில்லை. அழுகை அடங்கியதும் பேத்தி அந்த ரப்பரைப் பிடித்து இழுத்தாள். "இது மாமனோடது. ஒனக்கு வேற வாங்கித் தாரேன்" என்று சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

கண் கலங்கத்தான் செய்தது. அப்போது பார்த்து வீடியோக்காரர் பந்திக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என் பெயர் போய்விட்டது. சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு நான் ரப்பர் அம்மாச்சி. அந்த வீடியோவில் என் தாடையை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் சோகப் பாட்டு வேறு போட்டிருக்கிறார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பாப்பாத்தி மதினி தாம்பாளத்தை நீட்டி, சபைக்குக் கேட்கிற மாதிரி, "மதினிக்கு வெத்தலையா, ரப்பரா?" என்பார்.

கருணா சொன்னதைச் செய்கிறவன். அடுத்த வாரமே பார்சல் வந்தது. பேத்திக்குச் சின்னதாக ஒரு மஞ்சள். அதோடு பெரிதாக ஒரு சிவப்பு, கயிறும் சிவப்பு.

"இது யாருக்குடா?"

"ஒனக்கு. இனிமே என்னோடத எடுக்காத. செவப்புன்னா வெத்தலக் கறை தெரியாது."

வருகிற தை மாசம் பாண்டிக்குக் கல்யாணம். "வெத்தல கூடாதும்மா, ஆல்பம்!" என்று செல்வி இப்போதே போனில் சொல்லிவிட்டாள். மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டேன். நான் எடுத்து வைத்திருப்பது அரக்குச் சிவப்புப் பட்டு. கயிற்றைக்கூட உள்ளே மறைக்க வேண்டியதில்லை.