மூன்றாம் படி விசாரணை

இந்தியத் திருநாட்டின் பார்சல் துறையில் விபத்தை அடியோடு ஒழித்த மாமனிதர் யார் என்று கேட்டால், தன்னடக்கம் தடுத்தாலும், என் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: குமரகுரு, பாதுகாப்பு அதிகாரி, காஞ்சிபுரம் கிளை. என் ஆட்சியில் டெலிவரி ஆட்களில் ஒருவருக்கும் 'விபத்து' நேர்ந்ததில்லை. விழுந்தவர்கள் அத்தனை பேரும் கவனக்குறைவால் விழுந்தார்கள். படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் அந்த ஒரு கட்டத்தைத்தான் அச்சிட்டு வைத்திருக்கிறேன்.

கிளைச் சுவரில் ஒட்டியிருக்கும் இரண்டு சுற்றறிக்கைகளும் என் கைவண்ணமே. ஒன்று: பணியின்போது ஷூவைக் கழற்றக் கூடாது. மற்றொன்று: வாடிக்கையாளர் வீட்டுப் படியில் ஷூவோடு ஏறக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினேன். நடுவில் டீ கூடக் குடிக்கவில்லை.

போன வாரம் பிள்ளையார்பாளையத்தில் பெரியநாயகி அம்மாள் வீட்டுக்கு மிக்சி கொண்டுபோன துர்கா, மூன்றாம் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். விசாரணைக் கூட்டம் கூட்டினேன்.

"ஷூ போட்டிருந்தியா?"

"இல்ல சார். உள்ள தறிக்குப் பட்டுப் பாவு நூல் நீட்டி வெச்சிருக்குது, கழட்டிட்டு வாம்மான்னாங்க."

"அப்போ முதல் சுற்றறிக்கையை மீறிட்ட."

"போட்டுக்கினு ஏறியிருந்தா?"

"ரெண்டாவதை மீறியிருப்ப."

"பறந்து போவணுமா சார்? பாவுக்குப் போட்ட கஞ்சி படியெல்லாம் சிந்தியிருந்துது. ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்றாரு. விபத்துன்னு எழுதினாத்தான் இன்சூரன்ஸ் வரும். எழுதிக் குடுங்க சார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் இருப்பது ஒரே கட்டம், நான் என்ன செய்ய? கலங்கிய கண்ணோடே டிக் அடித்தேன்.

இருந்தாலும் நீதி தவறக் கூடாதே! நேரடி ஆய்வுக்குப் புறப்பட்டேன். பெரியநாயகி அம்மாள் வாசலில் பவ்யமாக ஷூவைக் கழற்றினேன். முதல் படி ஏறினேன். இரண்டாம் படி ஏறினேன்.

"இன்னிக்கும் கஞ்சி சிந்திக்கினு இருக்குது, பாத்துப்பா!" என்றார் அம்மாள். அதைத் தெருவில் மல்லாந்து படுத்தபடிதான் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்து பெஞ்சில் துர்கா. அவளுக்கும் வலது கை, எனக்கும் வலது கை. மடியில் இருந்த என் படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

"அதே படியா சார்?"

"அதே படிதாம்மா."

"நீங்களும் கவனக்குறைவா?"

சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருடமாக அந்தப் படிவம் எவ்வளவு பெரிய அநியாயம் என்று மணிக்கட்டு வலிக்க வலிக்கப் புரிந்தது. உடனே இடது கையால் பேனாவை எடுத்து, புதிதாக ஒரு கட்டம் வரைந்தேன்: 'விபத்து'.

துர்காவின் முகம் மலர்ந்துவிட்டது. காகிதம் நகராமல் இருக்கத் தன் நல்ல கையால் பிடித்துக்கொண்டாள்.

அவள் அப்படிப் பிடித்துக்கொண்டதால்தான் அதன் பக்கத்தில் கோணாமல் எழுத முடிந்தது: 'அதிகாரிகளுக்கு மட்டும்'.