தெரெரே தண்ணீர்க் கணக்கில் வராது

வில்யாரிக்கா,
ஜனவரி 14.

அன்புத் தங்கை சுனில்தாவுக்கு,

அண்ணன் எவுலோஹியோ எழுதுவது. குடலில் ஒரு சாண் குறைந்தவன் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். நீங்கள் எல்லோரும் முழுக் குடலோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கீமோவை நிறுத்தப்போகிறேன். அசுன்சியோனில் இருக்கும் என் மகள் மிர்த்தாவிடம் இதை நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று. மிச்சம் எங்காவது ஒளிந்திருந்தால் என்றுதான் இந்த மருந்து. எழுபத்தாறு வயதில் பலன் உண்டா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "கொஞ்சம் உண்டு சார். ஆனா அது உங்களுக்கா, பக்கத்துப் படுக்கைக்காரருக்கான்னு எனக்குத் தெரியாது" என்றாள். நேர்மையான பெண். நாலு பேர் தோற்றுவிடுவார்கள் என்று பயந்து வகுப்பு முழுவதற்கும் சிறப்பு வகுப்பு வைப்பேனே, அது மாதிரி. அந்த நாலு பேர் யாரென்று எனக்கும் முன்கூட்டித் தெரிந்ததில்லை.

இரண்டாவது டிரிப் ஏற்றியதும், "குளிர்ந்த தண்ணீர் கூடாது" என்றாள். நானும் தொடவில்லை. ஆனால் ஐஸ் தண்ணீரில் ஊறும் இலைச்சாறான தெரெரேயை நம் ஊரில் யார் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கிறார்கள்? ஜனவரிக் கோடை, நாற்பது டிகிரி வெயில். வழக்கம்போல மாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ரிட்டயர்டு தபால்காரன் கிறிஸ்பின் கொம்புக் குவளையில் இருந்த இலைமேல் ஐஸ் தண்ணீரை ஊற்றி நீட்டினான். ஒரே உறிஞ்சல்தான், தொண்டை பூட்டிக்கொண்டது, விரல்களில் மின்சாரம், குவளை மண்ணில். மூலிகை விற்கும் ஒப்துலியா என்னைக் காப்பாற்ற ஓடிவந்தாள். எப்படி? மூலிகையை இடித்து, அதே தெரெரேயில் போட்டு, இன்னும் கொஞ்சம் ஐஸ் சேர்த்து!

"குடிங்க வாத்தியாரே, உள்சூடு இறங்கிடும்."

"அவனுக்கு உசுரே இறங்கிடும் போலிருக்கு, விடும்மா!" என்றான் கிறிஸ்பின்.

மறுநாள் முதல் எனக்காக எல்லோரும் நட்டநடுப் பகலில் அதே இலையை வெந்நீரில் குடித்தார்கள். மூன்றாம் நாள் கிறிஸ்பின் மயங்கி விழுந்தான். எழுந்ததும், "வியாதி உனக்கு, வைத்தியம் எனக்கா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. மற்றவர்களும் வரவில்லை. டாக்டரம்மாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி, "எல்லாம் சௌகரியம்" என்றேன். கூடக் கிடைக்கிற வருஷங்களை மாமரத்தடியில் தனியாகக் கழிக்கவா, சொல்லு?

காக்குப்பே மாதா உன் பேரப்பிள்ளைகளைக் காக்கட்டும்.

உன் அண்ணன்,
எவுலோஹியோ

பி.கு.: தபாலில் சேர்க்கச் சொல்லி இதைக் கிறிஸ்பின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். முப்பது வருஷம் தபால்காரனாக இருந்தவன், முதல்முறையாக ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்து, நேரே டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அவள் கடிதத்தை எனக்கே திருப்பி அனுப்பிவிட்டு, போனில் கத்தினாள்: "தொண்டை அடைச்சதை எங்கிட்ட சொல்லாம தங்கச்சிக்கா எழுதுவீங்க? குளிர் ஆகாததுக்குக் காரணமே அந்த டிரிப் மருந்துதான். அதை நிறுத்திடலாம். உங்க வயசுக்கு மாத்திரை மட்டும் போதும் சார்."

திங்கட்கிழமை மாத்திரை ஆரம்பம். மிர்த்தாவிடம் ஒன்றும் சொல்லாதே. பழைய மருந்தின் வேகம் அடங்கும்வரை எனக்குக் குளிர் ஆகாது. அதனால் கிறிஸ்பின் மனைவியின் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு, நாற்பது டிகிரியில், மாமரத்தடிக்குத் திரும்பிவிட்ட எல்லோருக்கும் ஐஸ் தெரெரேயை நான்தான் ஊற்றிக் கொடுக்கிறேன்.