வரிக்கு வரி மாப்பிள்ளை

"நிறுத்துங்க அக்கா! அதைத் திறக்காதீங்க!"

மாப்பிள்ளை நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடி வருவதற்குள் புரோகிராமைச் சோதிக்கும் டெஸ்டர் அக்கா, எந்த வரியை யார் மாற்றினார் என்ற பட்டியலைத் திறந்துவிட்டாள்.

"ஒரு கமாதானே எடுத்தேன்னு சொன்னே?"

"சத்தியமா ஒரே ஒரு கமா."

"நாலாயிரம் வரியும் நீ மாத்தினதா காட்டுதே! வரிக்கு வரி உன் பேருதான்!"

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். கம்பெனியின் ஒரே பெரிய வாடிக்கையாளர் அவனுடைய மாமனார். அவருடைய துணிக்கடையின் தானியங்கிக் கதவை ஆட்டிவைப்பது இவர்கள் எழுதிய புரோகிராம். இன்று காலை முதல் அந்தக் கதவு, முதுகைக் காட்டி நடந்து வருபவர்களுக்கு மட்டுமே திறக்கிறது.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறு செய்த வரியில் யார் பேர் இருக்கிறதோ, அவர் வாடிக்கையாளரிடம் போய் ஒரு வாரம் அந்த வேலையைக் கையால் செய்ய வேண்டும். மாப்பிள்ளையோ காலையிலேயே போனில் மார்தட்டியிருந்தான்: "எழுதின மடையனை உங்க வாசல்ல கொண்டுவந்து நிறுத்துறேன், மாமா!"

ஆளைத் தேடி புரோகிராம் கோப்பைத் திறந்தவன், கண்ணை உறுத்திய கமாவை எடுத்துச் சேமித்தான். அதுதான் வினை.

"இதைக் கேளு," என்றாள் அக்கா. "ஒவ்வொரு வரி முடிவிலயும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு இருக்கும். எங்க மெஷின் ஒரு குறி வைக்கும். உன் மெஷின் ரெண்டு வைக்குது. நீ சேமிச்சதும் எல்லா வரிக்கும் வால் முளைச்சிருச்சு. கடைசியா தொட்டவன் நீதான்னு பேரைப் போட்டுருச்சு."

"அவ்வளவுதானே? வாலை நறுக்கிட்டா போச்சு!"

"டேய், அவசரப்படாதே..."

நறுக்கிவிட்டான். ஒரு கோப்பில் அல்ல. இருந்த அத்தனை கோப்புகளிலும். நறுக்குவதும் தொடுவதுதானே? இப்போது பதினோராயிரம் வரியிலும் அவன் பேர். அவசரத்தில் அதைக் கடைக்கும் அனுப்பிவிட்டான்.

போன் அலறியது. மாமனார்.

"மாப்பிள்ளை, 'நல்வரவு' சொல்ற கதவு குரைக்குது!"

ஒலிக் கோப்பிலும் கத்தி பட்டிருந்தது. பதறிப்போய் எல்லாவற்றுக்கும் வாலைத் திரும்ப ஒட்டவைத்து அனுப்பினான். மறுபடி போன்.

"இப்ப ஊளையிடுது, மாப்பிள்ளை. நான் நேர்லயே வர்றேன்."

வந்தார். காலையிலிருந்து பழகிவிட்டதால் மீட்டிங் அறைக்குள்ளும் முதுகைக் காட்டியே நுழைந்தார். மேனேஜர் கைகொடுத்து அவரைத் திருப்பி உட்காரவைத்தார்.

"கதவைத் திருத்தியாச்சு சார், பழைய குரலையும் போட்டாச்சு," என்றார் மேனேஜர். "எழுதினது யாருன்னுதான் கண்டுபிடிக்க முடியலை. வேலையை விட்டுப் போனவர் எழுதினதுலகூட உங்க மாப்பிள்ளை பேருதான் இருக்கு. போகட்டும், யாரையும் வாசல்ல நிறுத்த வேண்டாம். விட்டுடலாம்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப இத்தனையும் மாப்பிள்ளை பண்ணின கூத்தா?"

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்று தைத்தது. ராத்திரிக்குள் இது மாமியார் காதுக்குப் போகும். நாளைக்கு மச்சினன் சிரிப்பான்.

"விடவே கூடாது சார்!" மாப்பிள்ளை எழுந்துவிட்டான். "அக்கா, இந்த வால் சமாச்சாரத்தைக் கணக்குல சேர்க்காம, உண்மையில யார் எழுதினதுன்னு பார்க்க வழி இல்லையா?"

"வழி இருக்கு. ஆனா மேனேஜரே விட்டுடலாம்னு சொல்றாரே..."

"மாமா முன்னாலயே பாருங்க! பெரிய திரையில போடுங்க!"

அக்கா ஒரு கட்டளையைத் தட்டினாள். திரையில் மாப்பிள்ளையின் பேர் மளமளவென்று உதிர்ந்தது. போனவர் வரிகள் போனவருக்கு. மேனேஜர் வரிகள் மேனேஜருக்கு. மாமனார் முகம் தெளிந்தது.

"பார்த்தீங்களா மாமா? நான் தொட்டது அந்தக் கமா மட்டும்தான்! இப்ப சொல்லுங்க அக்கா, கதவு வரி எந்த மடையனோடது?"

அக்கா திரையைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள்.

"கமாவைத் தவிர இன்னும் ஒரே ஒரு வரியிலதாம்ப்பா உன் பேரு மிச்சமிருக்கு. போன மாசம் நீ எழுதி, நேத்துதான் கடைக்குப் போயிருக்கு."