நான் துப்பாக்கி பார்த்த படலம்

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் நாற்பத்து நான்கு அங்குல நீளம் இருக்கும். எடை மூன்றரைக் கிலோ. புனே விஷ்ராந்த்வாடியில் என் மாமனார் வீட்டு அலமாரிக்கு மேலே, பழைய பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு இன்றைக்கும் படுத்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிவிடும்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கோயம்புத்தூரிலிருந்து வந்து கராடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருந்தேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பது வேலை. ஜன்னல் வழியாகப் பார்த்துக் கனவு காண்பது உபதொழில். (இரண்டாவதில்தான் எனக்குத் திறமை அதிகம் என்று என் மேலாளர் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் எழுதியே கொடுத்திருக்கிறார்.) அதே தளத்தில் வேலை பார்த்த ரேவதியை எனக்குப் பிடித்துப்போனது. என்ன காரணத்தாலோ அவளுக்கும் என்னைப் பிடித்தது. பாக்கி இருந்தது அவளுடைய அப்பா ஒருவர்தான்.

ஏகாம்பரம் என்று பெயர். பூர்வீகம் குடியாத்தம் பக்கம். அவருடைய அப்பா காலத்திலேயே புனேவுக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். ராணுவத் தளவாடத் துறையில் துப்பாக்கிக் குழல்களைச் சோதிக்கும் வேலையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். குழலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார், ஒரு கண்ணை மூடுவார், உள்ளே பார்ப்பார், சரி அல்லது தவறு என்று எழுதுவார். ஆட்களையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்ப்பார் என்று ரேவதி எச்சரித்திருந்தாள். நான் நம்பவில்லை. முதல் முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது என் ஜாதகத்தைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். மனிதர் ரப்பர் பேண்டைக் கழற்றவே இல்லை. சுருளை அப்படியே ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

அதற்குப் பிறகு போஹா என்கிற அவல் உப்புமா சாப்பிட்டோம். கடைசியில் அவரே ஆரம்பித்தார். "சாஸ்வட் பக்கத்துல கொஞ்சம் ஜமீன் வாங்கி மூங்ஃபலி போட்டுகீறேன் தம்பி. பெருச்சாளிங்க ஒண்ணு விடாம தோண்டித் துண்ணுட்டுப் போவுது."

அவருடைய நிலத்தில் நிலக்கடலை தின்னும் பெருச்சாளிக்காக வருத்தப்பட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். விதி யாரை விட்டது. அதுக்கென்னங்க அங்கிள், ஒரு நல்ல ஏர் ரைபிள் இருந்தாப் போதுங்க என்றேன். அதோடும் நிறுத்தவில்லை. கல்லூரியில் என்சிசியில் நான் குறி பார்த்துச் சுடுவதில் பேர் வாங்கியவன் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். (உண்மை என்னவென்றால், அணிவகுப்பு முடிந்ததும் பூரி கிழங்குக்கு டோக்கன் கிழித்துக் கொடுப்பது என் பொறுப்பு. சுடும் பயிற்சிக்கு எல்லோரையும் அழைத்துப்போன அன்றைக்கு எனக்கு மெட்ராஸ் ஐ.)

ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் பதிலாக நாற்காலிக்குப் பேசுவதுபோல் இருந்த முகம் முதல் தடவையாக என் பக்கம் திரும்பியது. அப்படியானால் நீங்களே ஒன்று பார்த்து எடுங்கள் என்றார். லைசென்ஸ் தேவைப்படாததாக இருக்க வேண்டும். பட்டறையில் அடித்தது கூடாது, கம்பெனி மாலாக இருக்க வேண்டும். பதினைந்தாயிரத்துக்குள் முடிய வேண்டும். கல்யாண விஷயமா, அதைத் தசரா கழித்துப் பேசிக்கொள்ளலாம். ஆக, துப்பாக்கி சரியாக இருந்தால் பெண் உண்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். அவரும் அந்த அர்த்தத்தில்தான் சொன்னார் என்பது பிறகு தெரிந்தது.

அந்த இரண்டரை மாதம் நான் வாழ்ந்தது கராடியில் இல்லை. உடம்பு மட்டும் அங்கே மீட்டிங்கில் இருக்கும். கேமராவை அணைத்துவிட்டு ஏர் ரைபிள்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஸ்பிரிங் வகை, காஸ் வகை, பம்பால் காற்றடைக்கும் வகை என்று மூன்று உண்டு. மூன்றாவது நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. பம்புக்கே தனியாகக் கொட்டி அழ வேண்டும். குழலின் துளை நான்கரை மில்லிமீட்டருக்கு மேலே போனால் லைசென்ஸ் கேட்பார்கள். மலிவான தொலைநோக்கியை ஸ்பிரிங் துப்பாக்கியில் மாட்டினால் அதன் உதறலிலேயே பத்து நாளில் உள்ளே கண்ணாடி கழன்றுவிடும் என்று அறியாதவர்கள் பலர். நானும் முந்தின நாள்வரை அவர்களில் ஒருவன். பதினேழு பத்திகளில் ஓர் எக்ஸெல் ஷீட் போட்டேன். வேகம், எடை, நீளம், ரிப்பேர் வசதி, விசையின் மென்மை எல்லாவற்றுக்கும் மதிப்பெண். அலுவலகத்தில் நான் செய்த எந்த வேலையும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

ஷீட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கண் முன்னால் பனி இறங்கும். சாஸ்வட் மலை நீலமாகத் தெரியும். ஈரக் கடலைச் செடிகளுக்கு நடுவே, தோளில் துப்பாக்கி அணைத்து, கழுத்தில் மஃப்ளரோடு நான் நிற்பேன். தூரத்தில் ரேவதி டீ ஃபிளாஸ்க்கோடு வருவாள். பெருச்சாளி வளையிலிருந்து தலையை நீட்டி என்னை மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போகும். அந்தக் கனவில் ஒரு தடவைகூட நான் சுட்டதில்லை. சும்மா நிற்பேன், காற்று அடிக்கும், அவ்வளவுதான். ஆனால் மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

கேம்ப் என்கிற கன்டோன்மென்ட் பகுதியில் இருந்த துப்பாக்கிக் கடைக்கு எக்ஸெல் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இரண்டு பக்கங்களையும் பொறுமையாகப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். என் பட்டியலில் முதலாவதாக இருந்த காஸ் துப்பாக்கியை எடுத்து நீட்டி, "பெஹ்லே இஸ்கோ தோட் கே திகாவோ" என்றார். அதாவது, குழலைக் கீழ்நோக்கி மடித்துக் காட்டு. இந்த வகையில் அப்படி மடித்தால்தான் உள்ளே அழுத்தம் ஏறும். நான் மடித்தேன். அது மடியவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினேன். விசைப்பலகை தட்டி வளர்ந்த கை. கால்வாசி போய் நின்றுவிட்டது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது துப்பாக்கிகளிடமும் தோற்றேன். ஐந்தாவதாக வந்தது சாதாரண ஸ்பிரிங் ரகம், தேன் நிற மரக்கட்டை போட்டது. அது "டக்"கென்று மடிந்தது. பதினேழு பத்திகளிலும் இல்லாத பதினெட்டாவது தகுதி ஒன்று இருப்பது அப்போதுதான் புரிந்தது. விலையும் பட்ஜெட்டுக்குள் வந்தது. ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் குடியிருப்புக் காவலாளி நீளப் பெட்டியைப் பார்த்து என்ன என்று கேட்டதற்குத் திரைச்சீலைக் கம்பி என்றேன். (பொய் சொல்ல ஆரம்பித்தால் ஒன்றோடு நிற்காது.)

ஆயுத பூஜைக்கு விஷ்ராந்த்வாடிக்கு வரச்சொன்னார்கள். வாழை இலைமேல் மிக்ஸி, தையல் மெஷின், ரேவதியின் லேப்டாப், ஏகாம்பரத்தின் பழைய அளவுக்கருவிகள், எல்லாவற்றுக்கும் நடுவில் நம் துப்பாக்கி. ரேவதியின் அம்மா மல்லிகா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார். ஐடி பையனுக்கு நம்ம வழக்கமெல்லாம் தெரியுமா என்று பார்க்கிறார்கள் என எனக்குப் பட்டது. உயிரைக் கொடுத்து வைத்தேன். மரக்கட்டையில் மூன்று விரல் பட்டை, விசைக்கு ஒன்று, குழல்மேல் வரிசையாக ஐந்து. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், குழலின் வாய் மட்டும் வெறிச்சென்று இருந்தது. பூஜை நாளில் அது அப்படி இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நல்ல உருண்டைச் சந்தனத்தை எடுத்து அதில் வைத்து, விழாமல் இருக்க விரலால் உள்ளே அழுத்தி, மேலே குங்குமம் இட்டேன். என்ன பொறுமை இந்தப் பிள்ளைக்கு என்று மல்லிகா பாராட்டினார். ஏகாம்பரம் அப்போது வாசலில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. சந்தனம் நன்றாகக் காய்வதற்கு ஒரு முழுநாள் கிடைத்தது.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் அவருடைய பழைய காரில் நான்கு பேரும் சாஸ்வட் போனோம். போகும்போது ரேவதி, "நிஜமாவே சுடத் தெரியும்ல?" என்று காதோடு கேட்டாள். பாரேன் என்றேன். காரை விட்டு இறங்கியதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பனி இறங்கியிருந்தது. மலை நீலமாக இருந்தது. கடலைச் செடிகள் ஈரமாக இருந்தன. ரேவதி கையில் ஃபிளாஸ்க்கூட இருந்தது. இரண்டரை மாதமாக நான் கண்ட கனவுக்குள்ளேயே கூட்டி வந்துவிட்டார்கள் என்று தோன்றியது.

ஏகாம்பரம் வரப்பின்மேல் ஒரு காலி நெய் டப்பாவை வைத்துவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்றார். நான் ஒரு துணியால் துப்பாக்கியைத் துடைத்தேன், வெளிப்பொட்டெல்லாம் போய்விட்டது. மடித்தேன், ஈயக்குண்டைப் போட்டேன், தோளில் அணைத்தேன். காற்று அடித்தது. அப்படியே ஒரு யுகம் நிற்கலாம் போலிருந்தது. ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது, பின்னால் அவர் தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தேன்.

"பொஸ்க்" என்று ஒரு சத்தம். சைக்கிள் டியூப் காற்றுப் போகும் சத்தம்தான் அது. குழல் வாயிலிருந்து மஞ்சளும் சிவப்புமாக ஒரு சின்ன மேகம் கிளம்பி, எதிர்க்காற்றில் திரும்பி, என் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் இறங்கியது. கடலைக்காடு முழுக்கக் கோயில் வாசனை. டப்பா வைத்த இடத்தில் இருந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வளையிலிருந்து ஒரு பெருச்சாளி வெளியே வந்து, என்னைப் பார்த்து, அவசரமில்லாமல் ஒரு கடலையைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது.

ஏகாம்பரம் துப்பாக்கியை வாங்கினார். குழலை மடித்து, வானத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடினார். வெளிச்சம் தெரியவில்லை. இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். என் கல்யாணம் அந்த நான்கரை மில்லிமீட்டர் ஓட்டைக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது என்பதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. குங்குமம் கண்ணில் பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

"உள்ள இன்னா தம்பி வெச்சீங்க?"

"பொட்டு வெச்சனுங்க."

அவர் குழலைக் கீழே இறக்கினார். "இதுக்கு முன்ன எத்தினி தபா சுட்டுகீறீங்க?"

ஒருதடவையும் இல்லைங்க என்றேன். பூரி கிழங்கு, டோக்கன், மெட்ராஸ் ஐ எல்லாவற்றையும் அந்த வரப்பில் நின்று ஒப்பித்தேன். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுக்கும்போது அவர் திரும்பி மல்லிகா எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நானும் சுட்டதில்ல," என்றார். "நமக்கு உள்ள பாக்குற காம், அந்த வேல மட்டும்தான். சுடுறது வேற செக்ஷன். வூட்ல முப்பத்திநாலு வருஷமா வேற மாதிரி நெனச்சினு கீறாங்க. அதான் உங்கள எடுக்கச் சொன்னேன்."

குரலைத் தாழ்த்தியும் பயனில்லை, மல்லிகாவுக்குக் கேட்டுவிட்டது. அவர் வரப்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர் டீ ஆறும்வரை நிறுத்தவில்லை. மாமனார் காரிலிருந்து ஒரு கம்பியும் துணியும் எடுத்துவந்து குழலைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். எதிரே நான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டேன். சந்தனம் சுரண்டச் சுரண்ட வந்துகொண்டிருந்தது. இடையில் என் அப்பா அம்மா எப்போது புனே வரமுடியும் என்று கேட்டார். தை மாதம் அவர்களுக்குத் தோதுப்படுமா என்று கேட்டார். நான் துப்பாக்கியைப் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் ஆமாங்க ஆமாங்க என்றேன். சுத்தமான துப்பாக்கியை ரேவதி வாங்கி, எங்கள் இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லி, முதல் குண்டிலேயே டப்பாவைக் கீழே தள்ளினாள். பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் ரைபிள் கிளப்பாம். "என்னை யாராச்சும் பூச்சா?" என்றாள். உண்மைதான், யாரும் கேட்கவில்லை.

தை மாதமே கல்யாணம் நடந்தது. எட்டு வருடம் ஆகிறது. பெருச்சாளிகள் தலைமுறை தலைமுறையாகக் கடலை தின்கின்றன. ஒன்றின்மேலும் ஒரு குண்டும் பட்டதில்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சந்தனக் கிண்ணம் என்னைத் தாண்டி அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஆனால் குடியாத்தத்திலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் கல்யாண மண்டபத்தில், எதைப் பார்த்து இந்தப் பையனுக்குப் பெண் கொடுத்தாய் என்று மாமனாரிடம் கேட்டதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அவர் சொன்ன பதிலை வீட்டில் இன்றைக்கும் எல்லோரும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார்கள்.

"துப்பாக்கி வாயிலயே பொட்டு வெச்சி அனுப்புற ஆளு. இவுருகிட்ட எம் பொண்ணுக்கு இன்னா பயம்?"

நான் அப்போது தாலி கட்டி முடித்திருந்தேன். கண்ணில் குங்குமம் எதுவும் படவில்லை. இருந்தும் துடைத்துக்கொண்டேன்.