டீசல் வேன் பேசிய சனிக்கிழமை

ஒரு பொருளுக்குத் தேதி போட்டு, பெயர் எழுதி, அடுக்கி வைத்துவிட்டால் அதைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் சிலர் உண்டு. அந்தக் கூட்டத்தில் எனக்கு முன்வரிசையில் இடம். பதினான்கு வயதிலிருந்து நான் ஏறிய ஒவ்வொரு டாக்சியின் வண்டி வகை, ஏறிய நேரம், இறங்கிய இடம் எல்லாம் நோட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன. (டாக்சியில் என்ன பேசினோம், யாரோடு போனோம் என்பது மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை.) இந்தக் குணம் ஒருமுறை என் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட கவிழ்த்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தஞ்சோங் பகாரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில் வேலை. மொத்தம் ஐந்து பேர் சேர்ந்து கணினிக் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். பந்தயம் நடப்பது நம்மூர்த் தெருக்களில். விளையாட்டில் எந்தெந்த வண்டிகள் வரும், எதற்கு எவ்வளவு வேகம், எவ்வளவு எடை என்று பட்டியல் தயாரிப்பது என் பொறுப்பு. என் நோட்டுப் புத்தகங்களுக்கு உலகம் கடைசியில் தலைவணங்கிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

நிறுவனத்தின் தலைவரும் ஒலிப்பொறுப்பாளரும் ஒருவரே: வெய் மிங். அவர் வைத்திருந்த முதல் பட்டியலில் எல்லாம் பெட்ரோல் கார்கள், நாலைந்து மின்சாரக் கார்கள். ஒரு டீசல் வண்டிகூட இல்லை. நான் கொதித்துப்போனேன். பதினொரு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அவர் மேசையில் வைத்தேன். டீசல் இன்ஜின் அதிகம் சுற்றாது. ஆனால் குறைந்த சுற்றிலேயே மலையை இழுக்கும். பெட்ரோல் கார் மூன்று கியர் மாற்றி அலறிக்கொண்டு எடுக்கும் வளைவை டீசல் ஒரே கியரில் முனகியபடி எடுத்துவிடும். நீண்ட பந்தயத்தில் மற்றவர்கள் எண்ணெய் போட நிற்கும்போது டீசல்காரன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான். டீசல் இல்லாத தேக்கா சந்தை எப்படித் தேக்கா ஆகும்? (கடைசி வாக்கியத்துக்கு இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன்.)

"ரவி, யார் வேன் ஓட்டி ரேஸ் போவாங்க, லா?" என்றார் வெய் மிங். (அவர் பேசியது ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன். 'லா' மட்டும் அவருடையது.)

"நான் போவேன்."

"நீ ஒருத்தன்தான் போவே. சரி, ஒரு வேன். சத்தம் நீயே பதிவு பண்ணிக் கொண்டு வா."

வேன் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது காயத்ரியின் அப்பாவுடைய வேன்தான். காயத்ரியும் நானும் இரண்டு வருடமாகப் பழகிக்கொண்டிருந்தோம். அவள் பலதுறை மருந்தகம் ஒன்றில் நோயாளிகளைக் கவனிக்கும் தாதி. ஈசூனில் அவர்கள் வீட்டுக்கு நான் நான்கு முறை போயிருந்தேன். அவள் அம்மா பத்மா ஆன்ட்டிக்கு முழுச் சம்மதம். அப்பா செல்வம் அங்கிள்தான் பிடிகொடுக்காமல் இருந்தார். தேக்கா கடைகளுக்கு வாழையிலையும் காய்கறியும் போடும் வியாபாரம் அவருக்கு. போகும்போதெல்லாம் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"விளையாட்டு சரி தம்பி. வேலை என்ன?"

ஆக, அவர் வேனையே விளையாட்டுக்குள் கொண்டுவந்து, எங்கள் அலுவலகத்தில் அவரையே ஓட்டவைத்தால் அவர் மனம் கரைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மிக அழகான திட்டம் அது. நோட்டில் வரைபடம்கூட இருக்கிறது.

அங்கிள் ஒத்துக்கொண்டார். தன் வண்டிக்கு மரியாதை கிடைப்பதில் அவருக்கு உள்ளூர ஆசைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இலை போட்டு முடித்த பிறகு, 9.20க்கு ஈசூன் தொழிற்பேட்டையில் ஆளில்லாத ஒரு மூலையில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பழைய வெள்ளை வேன். பின்கதவில் 70 என்று வேக வரம்பு ஒட்டியிருக்கும்; உள்ளே ஏறினால் கறிவேப்பிலை மணக்கும். மூன்று மைக் வைத்தேன்: இன்ஜின் பக்கம் ஒன்று, புகைபோக்கி அருகில் ஒன்று, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒன்று. வெளியிலிருந்து பார்த்தபடி விளையாடுகிறவர்களுக்கு ஒரு சத்தம், இருக்கையில் உட்கார்ந்தபடி விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு சத்தம் வேண்டும்.

அங்கிள் செய்ய வேண்டியது எளிது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, முதலில் சும்மா உறுமவிட வேண்டும். நான் கதவைத் தட்டினால் ஆக்சிலரேட்டரை அழுத்தி நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றில் நிறுத்த வேண்டும். மறுபடி தட்டினால் மூவாயிரம். நான் புகைபோக்கி மைக்கை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டபடி புகைபோக்கிக்குப் பின்னால் நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம். அன்று நான் இருமிய இருமலுக்கும் நேரக் குறிப்பு இருக்கிறது.

மூன்று மைக்கிலும் சேர்த்து நாற்பத்தாறு கோப்புகள் தேறின. அலுவலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன்: கிழமை, நேரம், மைக்கின் இடம், சுற்று, அன்றைய வெயில், ஈரப்பதம். வெய் மிங் இடையில் எட்டிப் பார்த்தார்.

"ரவி, இருக்கைக்கு மேலே இருந்த மைக்கில் யாரோ பேசுற மாதிரி கேட்குது. வெட்டிடவா?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அசல் பதிவில் கைவைக்கக் கூடாது" என்றேன். ஆவணக் காப்பாளனின் கம்பீரத்தோடு சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும். ஆனால் நான் கேட்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் தலைவிதி உட்கார்ந்திருந்தது.

குடும்பத்தினருக்கு விளையாட்டைக் காட்டும் நாள் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் 3 மணி. அங்கிள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஆன்ட்டி முறுக்கு கொண்டுவந்தார். பணி முடிந்து காயத்ரி நேராக வந்தாள்.

"இன்னிக்கு அப்பா ஓகே சொல்லிடுவாரு போல," என்று என் காதில் சொன்னாள். "காலையில வீட்டுல உன் வேலையப் பத்தி அவரே கேட்டாரு."

பெரிய திரைக்கு முன்னால் ஸ்டியரிங் சக்கரமும் கியரும் மிதிகளும் பொருத்திய நாற்காலியில் அங்கிளை உட்காரவைத்தோம். திரையில் அவருடைய வேன். பின்கதவில் 70. ஒட்டியிருந்த இடம்கூட இம்மி பிசகவில்லை. அங்கிள் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

"இருக்கையில உட்கார்ந்த மாதிரி வைக்கிறேன், அங்கிள்," என்று வெய் மிங் ஒரு பொத்தானை அழுத்தினார். இன்ஜின் உறுமியது. உறுமலுக்கு அடியில், தெளிவாக, ஒரு குரல்.

"நல்ல பையன்தான் அக்கா... நல்ல பையன்தான் அக்கா... நல்ல பையன்தான் அக்கா..."

பந்தய விளையாட்டில் இன்ஜின் சத்தம் என்பது சில விநாடித் துண்டு. அதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். நிற்கும்போது ஒரு துண்டு, வேகம் ஏற ஏற அடுத்தடுத்த துண்டு. முள் ஏறினால் சத்தமும் மேலே போகும். அங்கிள் அன்று வேனுக்குள் உட்கார்ந்து செங்காங்கில் இருக்கும் தன் அக்காவோடு நாற்பது நிமிடமும் போனில் பேசியிருக்கிறார் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

ஆனால் உறைத்ததும் நான் பயந்தேனா? இல்லை. மகிழ்ந்தேன். "அங்கிள், நீங்களா!" என்றேன். ஆன்ட்டி கைதட்டினார். "பாத்தியா காயத்ரி, வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு. மனசுல எவ்வளவு வச்சிருக்காரு பாரு!"

அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நெற்றி வேர்த்திருந்தது. குளிர்சாதனம் இருபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பச்சை விளக்கு விழுந்தது. மற்ற கார்கள் பறந்தன. அங்கிள் வேனை மெல்ல நகர்த்தி, உடனே இரண்டாம் கியர், உடனே மூன்றாம் கியர், நான்கு என்று போய் முள்ளை ஆயிரத்துக்குச் சற்று மேலே பிடித்து நிறுத்தினார். இன்ஜின் திணறவில்லை. டீசல் அல்லவா. பிரமாதமான ஓட்டம். சிராங்கூன் ரோட்டில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார்.

"என்னங்க, தேர் இழுக்குறீங்களா?" என்றார் ஆன்ட்டி.

"அவசரம் எதுக்கு? எழுபதுதான் லிமிட்டு," என்றார் அங்கிள். வேக முள் இருபத்தைந்தில் இருந்தது.

இந்த இடத்தில் வாய் மூடி இருந்திருக்க வேண்டியவன் நான். "அங்கிள், மூவாயிரத்துக்குக் கொண்டுபோங்க. டீசலோட உண்மையான குரல் அங்கதான் வெளிய வரும்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை. (நேரம் 3.25.) கால் சற்று அதிகமாக அழுந்தியிருக்க வேண்டும். இரண்டாயிரம் சுற்றுக்கான துண்டு வந்துவிட்டது. குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறியிருந்தது.

"புகையக் குடிச்சுக்கிட்டு டைம் எழுதுறான், இவனோட எப்படிக் குப்பை கொட்டுறது... புகையக் குடிச்சுக்கிட்டு..."

அங்கிள் காலை எடுத்தார். வேன் மறுபடி "நல்ல பையன்தான்" என்றது.

"எந்திரிங்க," என்றார் ஆன்ட்டி.

"பத்மா, உனக்குக் கியர் வண்டி வராது..."

"எந்திரிங்கங்கறேன்!"

ஆன்ட்டி உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு மிதியைத் தரையோடு தரையாக அழுத்தினார். முள் மூவாயிரத்தைத் தாண்டி நாலாயிரத்தைத் தொட்டது. வேன் புக்கிட் தீமா வளைவில் மூன்று கார்களை முந்தியது. (என் பதினொரு பக்கக் குறிப்பு சரி என்று நிரூபணமான ஒரே தருணம். யாரும் கவனிக்கவில்லை.) அலுவலகம் முழுக்கக் கிளி ஒன்று ஆத்திரத்தோடு கத்துவதுபோல அங்கிளின் குரல் அலறியது.

"செங்காங் பையன் ஜாதகத்த அனுப்பு, பத்மாவுக்குத் தெரிய வேணாம்! செங்காங் பையன் ஜாதகத்த அனுப்பு, பத்மாவுக்குத் தெரிய வேணாம்!"

வேன் ஒரு பேருந்து நிறுத்தத்தில் மோதி நின்றது.

"யாருக்குத் தெரிய வேணாம்?" என்றார் ஆன்ட்டி, திரையைப் பார்த்தபடியே.

"அது... இன்ஜின் சத்தம், பத்மா."

"இன்ஜினுக்கு என் பேரு எப்படித் தெரியும்?"

வெய் மிங் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "ரொம்ப நல்ல வசனம்போல இருக்கே. வேனுக்கு ஒரு குணம் கொடுக்க ரவி வேணும்னே போட்டான்னு நினைச்சேன்," என்றார்.

நான் காயத்ரியைப் பார்த்தேன். அவள் அப்பாவை முறைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைத்தான் முறைத்தாள்.

"நீ இதைக் கேட்கவே இல்லையா?"

"நாற்பத்தாறு ஃபைலுக்கும் பேரு வச்சேன்..."

"ஒண்ணக்கூட கேட்கல."

"ஈரப்பதம்கூடக் குறிச்சு..."

"ரவி! என் அப்பா நாற்பது நிமிஷம் உன்னப் பத்திப் பேசியிருக்காரு. நீ அதுக்கு லேபிள் ஒட்டியிருக்கே. நாளைக்கு எனக்கும் லேபிள்தானா?"

அந்த அறையில் அன்று என் காதில் விழுந்த ஒரே நியாயமான கேள்வி அது. அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அப்பா சம்மதம் தருவாரா என்பது போய், மகளே வேண்டாம் என்பாளோ என்ற நிலைமை.

ஆன்ட்டியும் அங்கிளும் புறப்பட்ட பிறகு நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இருக்கை மைக்கின் கோப்புகளை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். என்னைப் பற்றி அங்கிள் சொன்ன எதையும் அவர் தவறாகச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. ஆனால் கடைசிக் கோப்பில், நான் கதவைத் தட்டி முடிந்தது என்று சைகை காட்டிய பிறகு, இன்ஜினை அணைப்பதற்கு முன், இப்படிச் சொல்லியிருந்தார்:

"ஒண்ணு சொல்லணும் அக்கா. என் வண்டிய இவ்வளவு மதிச்சு எவனும் சுத்திவந்து பாத்ததில்ல. சரி, அந்த ஜாதகத்த இப்ப அனுப்பாத. இரு, பாப்போம்."

அதைக் காயத்ரிக்கு அனுப்பினேன். கோப்பின் பெயரை அழித்துவிட்டு, "இதை நான் முழுசாகக் கேட்டேன்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "மத்ததெல்லாம்?"

"எல்லாம் கேட்டேன். உங்க அத்தைக்கு முழங்கால் வலி. அந்தச் செங்காங் பையன் உன்னைவிடக் குள்ளம்."

ஒரு சிரிப்புப் படம் வந்தது. அதற்குப் பின்னால் அவள் அம்மா பதிவுசெய்த குரல்: "தம்பி, அந்தக் கடைசி ஃபைல எனக்கும் அனுப்புப்பா. இவரு இப்ப ஜாதகமே கேக்கலன்னு சாதிக்கிறாரு." அந்த வாரமே அங்கிள் சம்மதம் சொன்னார். சொல்லாமல் இருக்கும் உரிமை அப்போது அவரிடம் மிச்சமில்லை.

விளையாட்டு வெளியானபோது டீசல் வேன் இருந்தது, குரல் இல்லை. அதை வெட்டும்படி நானே கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கல்யாணம் முடிந்து அங்கிள் எனக்கு மாமா ஆகிவிட்டார். இப்போதும் எங்கள் வீட்டில் மாமா குரலைத் தாழ்த்திப் போனில் பேசினால் போதும், மாமியார் அடுப்படியிலிருந்து 'ட்ர்ர்ர்ர்' என்று வாயால் இன்ஜின் சத்தம் கொடுப்பார். மாமா உடனே போனை வைத்துவிடுவார்.

போன மாதம் மாமா பழைய வேனைக் கொடுத்துவிட்டு மின்சார வேன் பார்க்கப் போனார். நாங்கள் எல்லோரும் கூடவே போனோம். விற்பனையாளர் எங்களை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். "பாருங்க சார், சத்தமே கிடையாது. உள்ள நீங்க மெதுவாப் பேசினாலும் பின்சீட்டு வரைக்கும் தெளிவாக் கேட்கும்."

மாமியார் பின்னாலிருந்து சாய்ந்து விற்பனையாளரின் தோளைத் தொட்டார்.

"தம்பி, இவரு பயப்படுறாரு பாருங்க. டீசல் இருந்தா காட்டுங்க."