மணி யாரோட நாய்?

மணிக்குச் சொறி வந்ததைவிட, சொறிந்துகொண்டே அது எதிர்வீட்டுச் சகாயம்மாளிடம் போய்ப் படுத்ததுதான் பூவம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சோறு போடுவது இவள், வாலாட்டுவது அங்கே.

“அவ என்னத்தைப் போடுறாளோ, நம்ம சோறு அதுக்கு இறங்கல.”

“கருவாட்டுத் தலையா இருக்கும்” என்றார் கணவர் தியாகராசன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அன்றே கருவாடு வாங்கிவந்து, மணியைக் கயிற்றில் கட்டிப்போட்டாள். கருவாட்டைத் தின்றுவிட்டு அது இரண்டு நாளாக உருண்டு உருண்டு சொறிந்தது. காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி கொட்டித் தோல் தடித்தது. யாரோ சொன்னார்களென்று டிராக்டரிலிருந்து வடித்த பழைய ஆயிலைப் பூசினாள். மணி அதை நக்கி, வாந்தியெடுத்து, கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு நேரே சகாயம்மாள் மடிக்குப் போனது. புதுப்புடவை கறுத்தும் அவள் அதை இறக்கிவிடவில்லை. பூவம்மாள் தெருவைத் தாண்டிப் போய் அவள் முன்னால் நின்றாள்.

“உன் வீட்டுச் சொறிதான் என் நாய்க்கு ஒட்டிக்கிச்சு. வா, டாக்டரே சொல்லட்டும்.”

“வாங்கக்கா, போவோம். பாவம், துடிக்குது.”

ஆட்டோவிலும் மணி சகாயம்மாள் பக்கமே சாய்ந்து வந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் குந்தவை அதன் காது ஓரத்தை விரலால் தேய்த்தார். பின்னங்கால் தானாகக் காற்றைச் சொறிந்தது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, தோலுக்குள் வளை தோண்டுகிற பூச்சி என்றார். ஆயிலுக்காகத் திட்டினார். மருந்தை முழுசாகக் கொடுத்து, படுக்கிற சாக்கையும் வெந்நீரில் அலசினால் சரியாகிவிடும் என்றார்.

“கட்டிப்பிடிச்சுக் கொஞ்சுறவங்களுக்கும் இது ஒட்டும். யாருக்காவது அரிக்குதா?”

சகாயம்மாள் வெட்கத்தோடு கையை நீட்டினாள். முழங்கை வரை சிவப்பாய்ப் பொரிந்திருந்தது.

பூவம்மாள் தன் கையைப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. தலைப்புக்குள் மறைத்து வறட்வறட்டென்று சொறிந்துவிட்டு, “எனக்குந்தான்” என்று நீட்டினாள்.

“இது நகக்கீறல்மா” என்ற டாக்டர் பேனாவை எடுத்தார். “நாய் யாரோடது?”

“அக்கா பேரையே போடுங்க” என்றாள் சகாயம்மாள்.

அந்தப் பெருந்தன்மை சொறியைவிட மோசமாக அரித்தது.

அதற்குள் மணி மேசையிலிருந்து குதித்து, பின்னால் ஆட்டுக்குட்டியோடு நின்றிருந்த வாய்க்கால்கரைத் தெரு சாமிதுரையின் காலைச் சுற்றிச்சுற்றி வந்தது. அவர் சட்டைக்கையைச் சுருட்டி முழங்கையைச் சொறிந்துகொண்டார்.

“அப்ப எனக்கும் இதுதானா டாக்டரம்மா? எங்க டைகர் தெனம் மத்தியானம் என் கட்டில்லதானே தூங்குவான், ரெண்டு நாளா எங்க போனான்னு தேடிக்கிட்டிருக்கேன்.”